மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு: செவிலியர் பணியும் ஊராட்சியின் கடமையும்

நோய் நீங்குவதற்காகவே மக்கள் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். காய்ச்சலோடு சென்றவர் காய்ச்சல் தணிந்து வருகிறார். நிறைமாதக் கர்ப்பிணி கைக்குழந்தையுடன் வீடு திரும்புகிறாள். இதுவே இயல்பு. ஆயினும் ஒரு நோய்க்காகச் சென்றவர், அங்குத் தங்கியிருக்கும்போது புதிதாக மற்றொரு நோய்க்கு ஆளாவதும் உண்டு. அறுவைப் புண் சீழ் பிடித்தல், ஊசி ஏற்றிய இடம் சிவந்து வீங்குதல், சிறுநீர்க் குழாய் பொருத்தியவருக்குக் குளிர்காய்ச்சல் வருதல், பிறந்த குழந்தையின் தொப்புள் புண்ணாதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை மருத்துவமனைத் தொற்று என்பர்.

இஃது எங்கோ அரிதாக நிகழ்வதன்று. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்படும் 100 பேரில், செல்வ நாடுகளில் 7 பேரும், நடுத்தர வருவாயும் குறைந்த வருவாயும் உள்ள நாடுகளில் 15 பேரும் இத்தகைய தொற்று ஒன்றுக்கேனும் ஆளாகின்றனர். கைத்தூய்மையாலும் அதிகச் செலவில்லாத பிற முறைகளாலும் இவற்றில் 100க்கு 70ஐத் தடுத்துவிட இயலும் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

கிராம மக்களாகிய நமக்கு இச்செய்தி மிகவும் நெருங்கியது. முற்காலத்தில் பிரசவம் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. ஆகவே நம் ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் தன் முதல் மூச்சை மருத்துவமனையின் காற்றில்தான் இழுக்கிறது. அதனை முதலில் ஏந்துவது பெரும்பாலும் ஒரு செவிலியரின் கை. அந்தக் கை தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பது அக்குடும்பத்துக்கு மட்டுமன்றி ஊர் முழுவதற்குமே உரிய அக்கறையாகும்.

பொருள் இழப்பும் சிறிதன்று. குடலிறக்க அறுவைக்காக நான்கு நாள் தங்கச் சென்ற உழவர் ஒருவர், புண் சீழ் பிடித்ததால் மேலும் இரண்டு வாரம் படுக்கையில் கிடக்க நேர்ந்தால், சம்பா நடவு தவறிப் போகும்; உடனிருக்கும் மனைவியின் கூலியும் போகும்; கடனும் ஏறும். இவ்வாறான துன்பத்தைத் தடுப்பதில் செவிலியர் ஆற்றும் பணி யாது, அப்பணி நன்கு நடைபெற ஊராட்சி செய்ய வேண்டுவது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தொற்று பரவும் வழி

பால் மாடு வளர்ப்போர் மடிநோயை நன்கு அறிவர். ஒரு மாட்டுக்கு மடிநோய் கண்டால், அனுபவம் உள்ள உழவர் அந்த மாட்டைக் கடைசியில்தான் கறப்பார்; கறக்குமுன்னும் கறந்த பின்னும் கையையும் மடியையும் கழுவுவார். ஏனெனில், நோய் ஒரு மடியிலிருந்து மறு மடிக்குக் கறப்பவருடைய கையின் வழியாகவே செல்கிறது. மருத்துவமனையில் நடப்பதும் இதுவே. நோயாளியின் தோலிலும் சளியிலும் சீழிலும் மலத்திலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. பெரும்பாலும் தொடுபவரின் கையே அவற்றுக்கு வண்டி. கட்டில் சட்டம், கதவுப் பிடி, சேலைத் தலைப்பு, சரிவரச் சுத்தம் செய்யாத கருவி ஆகியவை அடுத்த வழிகள். காசநோய், தட்டம்மை போன்ற சில நோய்கள் காற்றின் வழியாகவும் பரவும்.

மருத்துவமனையில் வாழும் கிருமிகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அங்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நாள்தோறும் வழங்கப்படுவதால், அம்மருந்துகளுக்கு மடியாத கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. ஒரே பூச்சிமருந்தை மீண்டும் மீண்டும் அடித்தால் அதற்கு அடங்காத பூச்சி தோன்றுவதை நாம் வயலில் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும். எனவே மருத்துவமனையில் பெற்ற தொற்று, வீட்டில் வரும் தொற்றைவிட எளிதில் மருந்துக்கு அடங்குவதில்லை. வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் தடுப்பதே அறிவுடைமை.

மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் சில நிமிடங்களே இருக்க இயலும். செவிலியரோ இரவு பகலாக முறை மாற்றி உடன் இருக்கிறார். ஊசி போடுபவரும், புண்ணுக்குக் கட்டுப் போடுபவரும், படுக்கை விரிப்பை மாற்றச் செய்பவரும், தாய்க்குக் குழந்தையை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. ஆகவே தொற்று செல்லும் வழிகளில் பெரும்பாலானவை அவருடைய காவலில் உள்ளன.

வரலாறு தரும் சான்றுகள்

கைத்தூய்மையின் பயன் முதன்முதலில் தெளிவாக நிலைநாட்டப்பட்டது ஆஸ்திரியா நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில் ஆகும். அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் 100 தாய்மார்க்கு 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். மருத்துவச்சிகளின் பிரிவில் 100க்கு 3 பேருக்கும் குறைவாகவே மாண்டனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று அவர் கண்டார். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே எவரும் தாயைத் தொடலாம் என்று விதித்தார். 1848ஆம் ஆண்டில் முதற் பிரிவின் சாவு 100க்கு ஏறக்குறைய 1 ஆகக் குறைந்தது.

அவர் பயன்படுத்திய பொருள் நமக்குப் புதியதன்று. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் நாம் கலக்கின்ற பிளீச்சிங் பவுடரே அது.

இரண்டாவது சான்று, செவிலியர் பணிக்கு வழிகாட்டியாகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றில் உள்ளது. கிரிமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பரில், 38 செவிலியருடன் அவர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். போர்க்காயத்தைவிடக் கழிச்சலாலும் காய்ச்சலாலும் மிகப் பலர் மாண்டுகொண்டிருந்தனர். அம்மையாரும் துணைவியரும் அறைகளைத் துப்புரவு செய்து, துணிகளை வெளுக்கச் செய்து, உணவைச் சீர்படுத்தினர். ஆயினும் 1855 பிப்ரவரியில் சாவு 100க்கு 42 என்ற அளவில் இருந்தது. ஏனெனில் கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கிடந்தது, குடிநீரும் கெட்டிருந்தது. 1855 மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைத் தூய்மை செய்தது. நீர் வழியைச் சீர்செய்தது. காற்றோட்டத்துக்கு வகை செய்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு 100க்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது.

இவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கை தூய்மையானால் உயிர் பிழைக்கும் என்பது முதலாவது. செவிலியர் எத்துணை உழைத்தாலும், நீரும் வடிகாலும் கெட்டிருந்தால் அவ்வுழைப்பு முழுப்பயன் தராது என்பது இரண்டாவது. நைட்டிங்கேல் அம்மையார் பிற்காலத்தில் நம் இந்தியக் கிராமங்களின் குடிநீர், வடிகால் குறித்தும் இடைவிடாது எழுதிவந்தார் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

கைகழுவும் ஐந்து வேளைகள்

செவிலியர் எப்போதெல்லாம் கைகழுவ வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐந்து வேளைகளாக வகுத்துள்ளது. நோயாளியைத் தொடுமுன், ஊசி போடுதல், கட்டு மாற்றுதல் போன்ற தூய்மையான செயலைத் தொடங்குமுன், இரத்தம், சீழ், சிறுநீர் முதலியன பட்டிருக்கக்கூடிய செயலை முடித்த பின், நோயாளியைத் தொட்டு முடித்த பின், நோயாளியைத் தொடாவிடினும் அவருடைய கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளியைக் காப்பதற்கு. பின் மூன்றும் செவிலியரையும் அடுத்த நோயாளியையும் காப்பதற்கு.

சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதாயின் 40 முதல் 60 விநாடி ஆகும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் ஆகிய எல்லா இடங்களும் தேய்க்கப்படுதல் வேண்டும். கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரியாதபோது, ஆல்கஹால் கலந்த திரவத்தை 20 முதல் 30 விநாடி தேய்த்துக்கொள்ளுதலே போதும். கையுறை அணிந்துவிட்டால் கைகழுவ வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுவர். அது தவறு. ஒரே கையுறையோடு இரு நோயாளிகளைத் தொட்டால், கழுவாத கையால் தொட்டதற்கே அது ஒப்பாகும். கையுறை அணியுமுன்னும் கழற்றிய பின்னும் கைகழுவுதல் வேண்டும்.

செவிலியர் கைகழுவிவிட்டு வரும்வரை நோயாளியும் உறவினரும் சற்றுப் பொறுத்திருத்தல் கடமை. "கூப்பிட்டவுடன் வரவில்லை" என்று கடிந்துகொள்ளுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு நிமிடம் நம் நலத்துக்காகவே செலவாகிறது என்பதை அறிந்தால் கோபம் தோன்றாது.

கருவிகளும் ஊசிகளும்

கத்தரிக்கோல், இடுக்கி போன்ற கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும் என்னும் எண்ணம் இன்றும் உள்ளது. சாதாரணக் கொதிநீரில் பல கிருமிகள் சாகும். ஆனால் இசிவுநோய்க் கிருமியின் வித்துகள் சாகா. ஆகவே, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கருவியைச் செவிலியர் பயன்படுத்துகின்றனர். இட்லிக் கொப்பரையும் நீராவியால்தான் வேகவைக்கிறது. ஆனால் இக்கருவியில் ஆவி வெளியேறாதவாறு அடைக்கப்பட்டு, 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் உண்டாகிறது. துணியில் பொதிந்த கருவிகளை 30 நிமிடம் அந்நிலையில் வைத்தல் வேண்டும். அதற்குமுன் கருவியில் ஒட்டிய இரத்தத்தை நன்கு தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. அழுக்குப் படிந்த இடத்தில் ஆவி ஊடுருவாது.

ஊசி, ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி இடலாகாது. மூடியிடும்போதுதான் பல செவிலியர் விரலில் குத்திக்கொள்ளுகின்றனர். அவ்வாறு குத்தினால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் பரவ வழியுண்டு. ஆதலால் பயன்படுத்திய ஊசியை உடனே வெட்டும் கருவியிலிட்டு, துளைபடாத வெண்ணிறக் கலத்தில் சேர்க்கின்றனர். ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி மூன்று தவணையாகச் செவிலியருக்கு இடப்படுகிறது. ஊர் காக்கும் அவரைக் காப்பதும் தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதியே.

சில நோயாளிகளுக்கு நரம்பின் வழி மருந்து ஏற்ற ஊசிக்குழாயும், சிறுநீர் வடியக் குழாயும் பொருத்துகின்றனர். வேலியில் திறந்து வைத்த படல் போன்றவை இவை; கிருமிகள் நுழைய வழி தருவன. குழாய் உடலில் இருக்கும் நாள் கூடக்கூடத் தொற்றும் கூடும். ஆதலால் ஊசி ஏற்றிய இடம் சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறைப்பணியிலும் செவிலியர் பார்க்கிறார். இக்குழாய் இன்னும் தேவையா என்று மருத்துவரை நாள்தோறும் கேட்டு, தேவை தீர்ந்தவுடன் அகற்றச் செய்கிறார். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்குதல் வேண்டும், தரையில் படலாகாது. உறவினர் நோயாளியை நடக்கவைக்கும்போது பையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பதைக் காண்கிறோம். பையிலுள்ள சிறுநீர் திரும்ப உடலுக்குள் பாய்ந்து தொற்று உண்டாக அதுவே காரணமாகும்.

இடைவிடாத இருமல் உள்ளவரை மற்றவரிடமிருந்து விலக்கி, காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி, முகக்கவசம் அணிவித்து, முன்னதாக மருத்துவரிடம் அனுப்புவதும் செவிலியர் பணியே. இதன் அருமையை 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனா நோய் நம் அனைவருக்கும் உணர்த்தியது.

பிரசவ அறையில்

தூய கை, தூய படுக்கை, தாயின் உடல் தூய்மை, தொப்புள்கொடி அறுக்கத் தூய கத்தி, கட்டத் தூய கட்டு, அறுத்த கொடியில் எதுவும் தடவாமை ஆகிய ஆறு தூய்மைகளைப் பிரசவ அறையில் செவிலியர் கடைப்பிடிக்கின்றனர். ஒரு காலத்தில் பிறந்த சில நாட்களில் உடல் விறைத்துக் குழந்தைகள் மாண்டன. அது அழுக்கான கத்தியாலும் கொடியில் தடவிய பொருள்களாலும் வந்த இசிவுநோய். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி இட்டதாலும், தூய்மையான முறையில் பிரசவம் பார்த்ததாலும், தாய் சேய் இசிவுநோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டுவிட்டது என 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. மூலைமுடுக்கிலுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்து சென்ற கிராம சுகாதாரச் செவிலியரின் உழைப்பு இவ்வெற்றியில் பெரும் பங்கு உடையது.

இவ்வாறு பெற்ற வெற்றியை வீட்டார் கெடுத்துவிடலாகாது. குழந்தைக்குச் சேனை வைத்தல் நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். பெரியவர் ஒருவர் தம் விரலைச் சர்க்கரை நீரில் தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்பார். அன்பினால் செய்யும் செயலே எனினும், அவ்விரலிலும் நீரிலும் உள்ள கிருமி, எதிர்க்கும் ஆற்றல் இல்லாத பச்சிளங் குழந்தையின் வயிற்றுக்குச் செல்லுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதே சிறந்தது. சீம்பாலே குழந்தைக்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து. பெரியவரின் ஆசியைக் கைகழுவிய பின் தலையில் கைவைத்து வழங்கலாம். தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதனையும் தடவலாகாது.

கழிவுகளை அகற்றுதல்

மருத்துவக் கழிவுகளை நான்கு நிறக் கலங்களில் பிரித்திடுதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி முதலியன மஞ்சள் பையில். ஊசி நீக்கிய பிளாஸ்டிக் குழல்கள், குழாய்கள், கையுறைகள் சிவப்புப் பையில். ஊசி, கத்தி முதலிய கூரியவை வெண்ணிறக் கலத்தில். கண்ணாடிக் குப்பிகள் நீலக் கலத்தில். இரத்தம் தோய்ந்த கழிவுகளை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

உண்ட இலை, காகிதம், பழத்தோல் போன்ற சாதாரணக் குப்பையை ஊராட்சி எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் முழுவதும் நஞ்சாகும். கலந்த குப்பை ஏரிக்கரையில் கொட்டப்படின் நாயும் காக்கையும் கிளறும். தூய்மைக் காவலரின் கையில் ஊசி குத்தும். மாடு மேய்க்கும் சிறுவனின் காலிலும் குத்தும். நீரிழிவுக்காக வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளுவோர் இன்று எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்கள் பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கும் முறையைச் செவிலியரிடம் கேட்டறிதல் நன்று.

ஊராட்சி செய்ய வேண்டியவை

வட்டார வளர்ச்சி அலுவலன் என்ற முறையில் சுகாதார நிலையங்களைப் பார்வையிடச் செல்லும்போது, நான் முதலில் திறந்து பார்ப்பது கைகழுவும் தொட்டியின் குழாயைத்தான். நீர் வந்தால் மற்றவை ஓரளவு ஒழுங்காக இருக்கும். சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தும், குழாயில் நீர் வாராத இடங்களையும் கண்டிருக்கிறேன். ஓர் ஊரில் நீரேற்றும் மோட்டார் பழுதாகி, அதனைச் சீர்செய்வது யார் பொறுப்பு என்று கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. அந்நாட்களில் செவிலியர் தெருக்குழாயிலிருந்து குடத்தில் நீர் கொணரச் செய்து பிரசவம் பார்த்தார். இறுதியில் பழுது நீக்க ஆன செலவு, ஊர்த் திருவிழாவின் ஒருநாள் ஒலிபெருக்கிச் செலவினும் குறைவு. இத்தகைய நிலை எந்த ஊரிலும் நேரலாகாது.

ஒரு நிலையத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதைக் கணக்கிடுதல் எளிது. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, புறநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர். உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். பிரசவம் ஒன்றுக்கு 100 லிட்டர். நாள்தோறும் 80 புறநோயாளிகளும், 4 உள்நோயாளிகளும், 1 பிரசவமும் உள்ள நிலையத்துக்கு 400, 240, 100 ஆகச் சேர்த்து 740 லிட்டர் ஆகிறது. இந்நீர் பகலில் மட்டுமன்றி இரவிலும் குழாயில் வருதல் வேண்டும். பிரசவத்துக்கு நேரம் காலம் இல்லை. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் பின்வருவனவற்றில் கருத்துச் செலுத்துதல் நலம்:

1. சுகாதார நிலையத்துக்கும் துணை நிலையத்துக்கும் செல்லும் நீர்க்குழாயை முதன்மையாகக் கருதி, பழுது ஏற்பட்டால் அன்றே சீர்செய்தல். மின்சாரம் நின்றாலும் நீர் கிடைக்குமாறு போதிய சேமிப்புத் தொட்டி அமைத்தல்.

2. தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவி, குளோரின் கலத்தல். பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் வீரியம் இழக்கும். நல்ல பவுடரில் 100க்கு ஏறத்தாழ 30 பங்கு குளோரின் உண்டு. கட்டிபட்டு மணம் இழந்ததில் இராது. புதியதாக வாங்கி, இறுக மூடி, நிழலில் வைத்தல் வேண்டும். சிந்திய இரத்தத்தின்மீது ஊற்றச் செவிலியர் கரைக்கும் கரைசலுக்கும் இதுவே மூலப்பொருள்.

3. கழுவிய நீர் தேங்காமல் செல்ல வடிகாலும் உறிஞ்சு குழியும் அமைத்தல்.

4. நாயும் ஆடுமாடும் நுழையாதபடி சுற்றுவேலியைச் சீர்செய்தல்; கழிவு வண்டி வருமாறு பாதையைச் செப்பனிடுதல்; சாதாரணக் குப்பையை நாள்தோறும் அகற்றுதல்.

5. கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவின் கூட்டத்திலும் கிராம சபையிலும் செவிலியரை அழைத்து, குறை யாது என்று கேட்டுப் பதிவு செய்தல். அடுத்த கூட்டத்தில் அது தீர்ந்ததா என்று பார்த்தல்.

இரவில் பெரும்பாலும் ஒரே செவிலியர் பணியில் இருப்பார். ஒருபுறம் பிரசவ வலியுடன் ஒரு தாய், மறுபுறம் பாம்பு கடித்து வந்தவர் என்றால், அவர் ஒவ்வொரு முறையும் கைகழுவ ஓட வேண்டும். கைகழுவும் இடம் அருகிலேயே இருப்பின் அவருடைய பணி தவறாது. கழுவும் தொட்டி ஒன்றைப் பிரசவ அறைக்குள்ளேயே அமைத்தல் சிறிய செலவு; பயனோ பெரிது.

காண வருவோர் கவனத்துக்கு

ஊரில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் பத்துப் பேர் சென்று பார்ப்பது நம் பண்பாடு. அப்பண்பைக் கைவிட வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். ஒரு வேளையில் ஒருவர் அல்லது இருவர் செல்லுதல், உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்த பின்னும் கைகழுவுதல், நோயாளியின் கட்டிலில் அமராதிருத்தல், சளி காய்ச்சல் உள்ளவர் போகாதிருத்தல், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லாதிருத்தல், கண்ட இடத்தில் எச்சில் துப்பாதிருத்தல், புண் கட்டை அவிழ்த்துப் பார்க்காதிருத்தல் ஆகியவை போதும். "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று பணிவுடன் கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு. நல்ல செவிலியர் அதனைக் குறையாகக் கொள்ளார்.

பயிருக்கு நோய் வந்தபின் மருந்தடிப்பதைவிட விதையை நேர்த்தி செய்து விதைப்பதே மேல் என்பது உழவர்க்குத் தெரியாததன்று. மருத்துவமனையில் செவிலியர் செய்வது அத்தகைய விதைநேர்த்தியே. வராத நோய்க்குக் கணக்கு எழுதுவார் இல்லை. தடுத்த செவிலியரின் பெயரும் வெளியே தெரிவதில்லை. ஆயினும் நம் ஊர்த் தாய்மாரும் குழந்தைகளும் நலத்துடன் வீடு திரும்புவது அப்பணியின் பயனாகும். அவர் கைகழுவக் குழாயில் என்றும் நீர் வருமாறு செய்தல் நம் கடமை. அடுத்த ஊராட்சிக் கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் சுகாதார நிலையத்துக்குச் சென்று, அந்தக் குழாயைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.